பழுக்கும்வரை பொறுங்கள்

சாந்தோஸ்,
மார்ச் 9, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன் என்று உனக்கு இன்னும் கோபம் ஆறியிருக்காது. நான் என்ன செய்யட்டும்? "போறவன் போ, ஆனா போனவன் திரும்ப இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்று அத்தான் கையை நீட்டிச் சொன்ன பிறகு உன்னிடம் வந்து சாவகாசமாக விடைபெற்றுக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு நாள் முதுகு வலிக்கிறது என்று படுத்ததற்கு இவ்வளவு பேச்சு. அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் இருக்க லாயக்கில்லை.

வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்துப் பக்கம் ஒரு காப்பிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். அதனால் முதுகு வலி என்று சொல்ல எனக்கு இப்போது வாயில்லை, அத்தானிடம் சொல், சந்தோஷப்படுவார். மொஜியானா மூட்டை, தெற்கு மினாஸ் மூட்டை, நம் பரானா மூட்டை என்று நாட்டில் விளைகிற காப்பி எல்லாம் என் தோள் வழியாகத்தான் கப்பலுக்குப் போகிறது.

மாடியில் சுவை பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுழல்கிற வட்ட மேசை, அதைச் சுற்றிக் கிண்ணங்கள். கரண்டியில் எடுத்து ஊரே கேட்கும்படி உறிஞ்சி, உடனே துப்பிவிடுகிறார்கள். துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர்களை இங்கேதான் பார்த்தேன். அவர்களில் பெரியவர் பெயர் அமில்கர். மாதிரிக் கொட்டை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போகும்போதெல்லாம் அவர் பேச்சு காதில் விழும். எத்தியோப்பியாக் கொட்டையில் பூ வாசம் வருமாம். கென்யா நாக்கின் ஓரத்தில் புளிக்குமாம். கொலம்பியா மலைக்கொட்டை தொண்டையில் தெரியாமல் இறங்குமாம். மொஜியானா வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். பரானா வந்தால் உதட்டைப் பிதுக்கி "கடினம்" என்று ஒரே சொல். நம் ஊர் மூட்டையை இறக்கிவிட்டு அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரணம் என்ன தெரியுமா? நம் ஊரில் கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவுகிறோம். பச்சை, மஞ்சள், சிவப்பு, காய்ந்தது எல்லாம் ஒன்றாகத் தரையில் விழுகிறது. முழுக்கப் பழுத்ததை மட்டும் பறித்து நிதானமாகக் காயவைத்தால் அதே மரம் வேறு காப்பி கொடுக்கும் என்று அமில்கர் சொன்னார். விலையும் வேறு. இந்த வருஷம் நமக்கு முதல் காய்ப்பு. அவசரப்படாதீர்கள், பழுக்கும்வரை பொறுங்கள்.

உன் தம்பி,
ஒலாவோ


ஆக்வா கிளாரா தோட்டம், வட பரானா,
ஏப்ரல் 2

ஒலாவோ,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு மாதத்தில் காப்பியைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டாய். நல்லது. நான்கு வருஷமாக இங்கே நாங்கள் என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதே, அதற்கே கும்பிடு போட வேண்டும்.

முதலாளியோடு கைநாட்டு வைத்தபோது மூன்று ஜோடிக் கை என்று சொல்லித்தான் இந்தப் பங்கை வாங்கினோம். நிலம் அவருடையது. காட்டை வெட்டின மண்ணில் குழி தோண்டிக் கன்று வைத்து, நான்கு வருஷம் வளர்த்துக் கொடுப்பது நாம். ஊடே போடுகிற மக்காச்சோளமும் பீன்ஸும் நம் வயிற்றுக்கு, இந்த முதல் காய்ப்பு முழுவதும் நம் கைக்கு. அதற்காகத்தானே இத்தனை நாள் களியைத் தின்றுகொண்டு கிடந்தோம். இப்போது மூன்றில் ஒரு ஜோடி சாந்தோஸில் போய் ஊராருடைய மூட்டையைத் தூக்குகிறது.

இஷிதா கிழவர் வந்திருந்தார். ஓடைக்கு மேலே இருக்கிற அவருடைய துண்டு நிலத்தை நமக்குத்தான் தருவாராம். மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அறுவடை முடிகிறவரை வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் போன பிறகு நான் அந்த வரப்பில் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து அடுத்தவன் மண்ணில் தூங்கி எழுந்தவள் நான். எனக்கென்று ஒரு கதவு, யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு கதவு வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. உனக்கும் அங்கே ஓர் அறை போடலாம் என்று அளந்து பார்த்தேன். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உன் அத்தானுக்கு வாய் நீளம்தான். மனசில் ஒன்றும் இல்லை. பறிப்புக்கு வந்து சேர்.

சுல்மீரா


சாந்தோஸ்,
மே 4

அன்புள்ள அக்கா,

வருகிறேன். ஜூன் கடைசியில் வருகிற புனித ஜுவான் பண்டிகைக்குள் வந்துவிடுகிறேன் என்று அத்தானிடம் சொல். அவர் வாசலை மிதிக்கக் கூடாது என்றால் ஜன்னல் வழியாக வருகிறேன்.

ஆனால் ஒன்று. நான் எழுதியதை நீ கேலி செய்துவிட்டாய். அது கேலி இல்லை, அக்கா. இஷிதா கிழவருடைய நிலத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். எல்லாரும் உருவுகிற மாதிரி உருவினால் ஓடைக்கு மேலே பாதி நிலம்தான் வாங்க முடியும். பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முழுசாக வாங்க வேண்டும் என்றால் இதுதான் வழி. மொஜியானாவிலிருந்து வருகிற சிவப்புப் பழ மூட்டைகளுக்கு இங்கே வியாபாரிகள் அடித்துக்கொள்வதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பாதி பழுத்திருக்கும்போது கைவைக்காதீர்கள். முதலில் பழுத்த ஒரு சின்ன சாக்கு மட்டும் பறித்துக் காயவைத்து, குத்தி, லாரிக்காரனிடம் கொடுத்து அனுப்பு. அமில்கரிடம் நானே கொண்டுபோய் வைக்கிறேன். அவர் உதட்டைப் பிதுக்கினால் உன் இஷ்டம், உருவிக்கொள்.

மற்றபடி சுகம். கடல் காற்றில் துணி காய்வதே இல்லை.

ஒலாவோ


ஆக்வா கிளாரா,
ஜூன் 15

தம்பிக்கு,

நீ கேட்ட சாக்கை இந்த லாரியில் அனுப்பியிருக்கிறேன். நானே பொறுக்கிப் பறித்தது. ஒரு பச்சை கிடையாது. களத்தில் பரப்பி, நாள் முழுக்கக் கிளறி, சாயங்காலம் குவித்துத் துணி போட்டு மூடி, குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். காய்ந்த பிறகு அள்ளி மூக்கில் வைத்தேன். வெல்லப்பாகு வாசம் வந்தது. இத்தனை வருஷத்தில் நம் ஊர்க் காப்பிக்கு அப்படி ஒரு வாசம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அதனால் உன் பக்கம் சாய்ந்துவிட்டேன். வீட்டில் சண்டை. "உன் தம்பி நாலு நாள் சாக்கு தூக்கிட்டு, பொறந்ததுலருந்து காப்பிக்குள்ள கெடக்கிறவனுக்குப் புத்தி சொல்றானா? ஜூன் குளிர்ல காய் மரத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார் உன் அத்தான். "பாதி நெலம் வாங்கி அதுல ஒத்தக் கால்ல நிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். கடைசியில், "சரி, உன் இஷ்டம். உன் தம்பி வந்ததும் மூணு பேரா பறிச்சு முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். உனக்காக ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார் என்றும் எழுதச் சொன்னார்.

பக்கத்துப் பங்கு திபூர்சியோ பச்சையும் பழமுமாக உருவி, மூட்டை கட்டி, வீட்டுக்குள் அடுக்கிவிட்டான். படுக்க இடமில்லாமல் மூட்டை மேல் படுக்கிறார்களாம். நேற்று வேலி ஓரமாக நின்று, "என்னம்மா சுல்மீரா, பழத்தைப் பறிக்கப் போறியா, இல்ல ஒவ்வொண்ணுக்கும் ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வெக்கப் போறியா?" என்று கேட்டான். "உன் மூட்டைய நாய்க்கு ஊத்துனாக்கூட அது மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

மரமெல்லாம் சிவப்பேறிக்கொண்டு வருகிறது. பறிக்கப் பறிக்கத் தீரவில்லை, பொறுக்கிப் பறிப்பதால் இரண்டு பேர் கை போதாது. சொன்ன தேதிக்கு வா.

சுல்மீரா


சாந்தோஸ்,
ஜூலை 17

அன்புள்ள அக்கா,

திட்டாதே. பண்டிகைக்கு வர முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள் வந்துவிட்டன, இரட்டைக் கூலி கொடுத்தார்கள். அந்தக் கூலியையும் நிலத்துக்குச் சேர்க்கலாம் என்று நின்றுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கட்டாயம் கிளம்புகிறேன். அதற்குள் மீதியும் நன்றாகப் பழுத்திருக்கும்.

இப்போது சேதியைக் கேள். உன் சாக்கு மாடி ஏறிவிட்டது. வறுத்து, பொடித்து, பெயர் சொல்லாமல் மொஜியானாக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தார்கள். அமில்கர் மேசையைச் சுற்றிவிட்டுக்கொண்டே வந்தார். உன் கிண்ணத்தில் நின்றார். துப்பவில்லை. திரும்பவும் ஒரு கரண்டி எடுத்தார். "மென்மை. இது எந்த மலைப் பக்கம்?" என்று கேட்டார். நான் கதவோரம் நின்றுகொண்டு, "பரானாங்கய்யா, எங்க அக்கா பறிச்சது" என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் சொல்லாதடா" என்றார். சத்தியம் செய்தேன். "இது மாதிரி எவ்வளவு இருக்கு உங்க அக்காகிட்ட?" என்றார். தோட்டம் பூராவும் மரத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தொலைபேசி வந்து எழுந்து போய்விட்டார்.

அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. இஷிதா கிழவரிடம் போய் முழு நிலமும் எங்களுக்குத்தான் என்று தைரியமாகச் சொல்.

இங்கேகூட இன்று என்ன குளிர். கடற்கரை ஊரில் எல்லாரும் கம்பளியைத் தேடுகிறார்கள். எனக்குப் பழகின குளிர்தானே, இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒலாவோ


ஆக்வா கிளாரா,
ஜூலை 27

ஒலாவோ,

அந்தக் குளிர் இங்கே வந்துவிட்டுத்தான் போனது. நீ சிரித்துக்கொண்டு எழுதிய கடிதம் நேற்று வந்தது.

வியாழக்கிழமை மதியமே தெற்குக் காற்று பிடித்துவிட்டது. தெற்கே குரிச்சிபாவில் பனி கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் அத்தான் மரத்தூளில் கழிவு எண்ணெயை ஊற்றி வரிசைக்கு வரிசை புகை மூட்டினார். நானும் தூக்கிக்கொண்டு ஓடினேன். புகை நின்றால்தானே. காற்று அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது.

விடிந்து பார்த்தபோது மரமெல்லாம் பச்சையாகத்தான் நின்றது. "ஒண்ணும் ஆகலைங்க" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். உன் அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. வாளித் தண்ணீரில் இருந்த ஐஸைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏற இலை கறுக்கத் தொடங்கியது. வெந்த கீரை வாசம். அடிமரப் பட்டை வெடிக்கிற சத்தம் அங்கங்கே கேட்டது. மதியத்துக்குள் கண்ணுக்கு எட்டின வரை எல்லாம் கறுப்பு. நம்முடையது மட்டும் இல்லை, முழுத் தோட்டமும், ஆற்றுக்கு அந்தப் பக்கமும், லாரிக்காரன் சொல்கிறான், வட பரானாவில் ஒரு மரம் மிச்சம் இல்லையாம்.

மரத்திலிருந்த பழம் எல்லாம் தோல் சுருங்கி, புளித்து, உதிர்ந்தது. ஒன்றிரண்டை நசுக்கிப் பார்த்தேன், உள்ளே கொட்டையும் கறுப்பு. இருந்தாலும் வாரினோம். மண்டி போட்டுக்கொண்டு வாரினோம். கலப்படக் காப்பித்தூள் விற்கிறவன் ஒருவன் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கின் விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துவிட்டு எடுத்துப் போனான். இரண்டு பேருமாகப் பறித்திருந்த கொஞ்சம், கடைக் கடனுக்குப் பனிக்கு முன்பே போய்விட்டது.

திபூர்சியோ வீட்டில் மூட்டைகள் பத்திரமாக இருக்கின்றன.

உன் அத்தான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. நான் உன் பக்கம் பேசியிருப்பேன், அல்லது என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன், ஏதோ ஒன்று. அவர் தினமும் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போகிறார். சும்மா நின்றுவிட்டு வருகிறார்.

நீ பண்டிகைக்கு வந்திருந்தால் மூன்று பேராகப் பறித்து முடித்திருப்போம். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

சுல்மீரா


சாந்தோஸ்,
ஆகஸ்ட் 10

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பனி பெய்த சேதி இங்கே வந்த அன்றைக்கு விலை ஏறத் தொடங்கியது. கிடங்குக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். உங்கள் பக்கம் அவ்வளவாக இருக்காது, பாதிக்கு மேல் பறித்திருப்பீர்கள், இந்த விலைக்கு விற்றால் நிலம் என்ன, வீடும் கட்டலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே குடித்தேன். உன் கடிதம் வந்தது அதற்கப்புறம்தான்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அமில்கரிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பரானாவுல ஜூலை வரைக்கும் மரத்துல விடச் சொன்னது யாருடா?" என்று கேட்டார். "நீங்கதானேங்கய்யா பழுக்கற வரைக்கும் பொறுக்கணும்னு சொன்னீங்க" என்றேன். "நான் சொன்னது மொஜியானாவுக்குடா. அங்க குளிர்காலம் காஞ்சு கெடக்கும், பனி எப்பவோ ஒரு தரம். உங்க ஊர்ல ஏன் அவசரமா உருவறாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? நீ அந்த ஊர்க்காரன்தானே" என்றார். அன்றைக்கு வாயெடுத்தபோது அதைத்தான் சொல்ல வந்தாராம். தொலைபேசி வந்ததில் மறந்துவிட்டதாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்கா, எனக்குத் தெரியும். அத்தான் ஜூனில் தூங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் பனிக்குப் பயந்து நாம் எத்தனை தடவை சாக்கைப் போர்த்திக்கொண்டு புகை போட ஓடியிருக்கிறோம். அந்த மேசையைச் சுற்றி அவர்கள் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நம் ஊர்ப் பெயரையும் அவர்கள் வாயால் நல்லபடியாகச் சொல்லக் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதில் புத்தி மங்கிவிட்டது.

இங்கே வந்துவிடுங்கள். என் அறையில் மூன்று பேர் படுக்கலாம். அத்தானுக்குக் கிடங்கில் வேலை கேட்டிருக்கிறேன். சேர்த்த கூலியை இதோடு அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே.

ஒலாவோ


இவாயி நகரம்,
அக்டோபர் 5

ஒலாவோ,

உன் கூலியைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்புகிற நிலைமையில் நான் இல்லை. வாடகைக்கு ஆயிற்று.

முதலாளி காப்பி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். சோயா போடப் போகிறாராம். சோயாவுக்கு டிராக்டர் போதும், குடும்பம் வேண்டாம். மேனேஜர் வந்து, "வெதைக்கிறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா" என்றார். நல்ல மனுஷன்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நாங்கள் இறங்கின அன்றே வீட்டுப் பலகையைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது நகரத்துக் கோடியில் ஓர் அறையில் இருக்கிறேன். மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய்.

உன் அத்தான் பராகுவே பக்கம் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லாரி ஏறிவிட்டார். உன்னைப் போல இல்லை, சொல்லிக்கொண்டுதான் போனார். "எடம் பார்த்துட்டு ஆள் அனுப்பறேன்" என்றார். இன்னும் ஆள் வரவில்லை. போனவர்கள் சிலர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொள்கிறார்கள் என்று குழாயடியில் பேசுகிறார்கள். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று எழுதலாம். போட்டுக்கொள்கிறேன்.

சாந்தோஸுக்கு வரமாட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கோபம் இருக்கிறது என்று எழுதவும் முடியவில்லை. நீ ஒருவன்தான் எனக்கு மிச்சம். உன் முகத்தைப் பார்த்தால் அந்த வெல்லப்பாகு வாசம் மூக்கில் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. கொஞ்ச நாள் எழுதாதே.

இஷிதா கிழவர் அறுவடை முடிகிறவரை காத்திருந்தார். வாக்குத் தவறவில்லை. அப்புறம் விற்றுவிட்டார். வாங்கினது திபூர்சியோ. ஜூனில் உருவின பச்சைக் காயை இந்த விலைக்கு விற்று, முழுசாக, ஓடை வரைக்கும் வாங்கிவிட்டான்.

தினமும் விடியற்காலையில் லாரி வந்து கூலிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் அது ஓடைக்கு மேலே போய் நின்றது. செத்த காப்பி மரத்தை வேரோடு எடுக்கிற வேலை. திரும்பிப் போக வண்டி கிடையாது, இறங்கினேன்.

கிழவர் ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னால் அடிமரத்துக்கு மண் அணைப்பவர். முதல் மரத்தில் அந்த மண்ணைத் தள்ளினபோது உள்ளே துளிர் இருந்தது. விரல் நீளம், நல்ல பச்சை. அடுத்த மரத்தைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. திபூர்சியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது செத்துப் போகலப்பா. ரெண்டு வருஷம் விட்டா காய்க்கும்" என்றேன். அவன் குனிந்து பார்த்தான். முன்பென்றால் ஏதாவது கேலி பேசியிருப்பான். "தெரியுது சுல்மீரா. சோயா போட திங்கக்கெழமை டிராக்டர் சொல்லியிருக்கேன். எடுத்துடுங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

எடுத்தேன். வேர் லேசில் விடவில்லை. மண்வெட்டியால் சுற்றி வெட்டி, காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அந்த வரிசை முழுவதும் என்னிடம் கொடுத்திருந்தார்கள், முழுவதும் எடுத்தேன். சாயங்காலம் கூலியைக் கையில் வைத்துக்கொண்டே திபூர்சியோ, "நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டான். வருகிறேன் என்று சொன்னேன்.

சுல்மீரா